காந்தி சாலை விடுதியின் மெயின் போர்டு: ஒரு கோடைக்கால வேலைக் குறிப்பு

வேலூர் காந்தி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், 1970களில் கட்டப்பட்ட தங்கும் விடுதியின் மெயின் போர்டைச் சீர்செய்யும் வேலை கடந்த மே மாதம் எனக்கு வந்தது. தரைத்தளத்தில் இரண்டு கடைகளும் வரவேற்பறையும், மேலே இரண்டு மாடிகளில் 18 அறைகளும், மொட்டை மாடியில் பின்னாளில் எழுப்பிய நான்கு அறைகளும் உள்ள கட்டடம் அது. கடைகளுக்குத் தனித்தனி மீட்டர் உண்டு. நான் கை வைத்தது விடுதிக்கான மூன்று ஃபேஸ் சர்வீஸில் மட்டும். இரவு ஏழு மணிக்கு மேல் பின்புற அறைகளில் விளக்கு திடீரென்று பளிச்சென எரிந்து பிறகு தணிகிறது என்பதும், பத்து நாளுக்குள் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளும் நான்கு எல்.இ.டி. பல்புகளும் கெட்டுப்போயின என்பதும் உரிமையாளரின் புகார். எனக்கு முன் வந்து பார்த்தவர், தெருவில் வரும் வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லி, ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கும்படி கூறிவிட்டுப் போயிருந்தார். ஒரு பக்கத்து அறைகளில் மட்டும் விளக்கு பிரகாசமாவதும், அதே நேரத்தில் வேறு பக்கத்து அறைகளில் மின்விசிறி மெதுவாவதும் தெருவின் கோளாறாக இருக்க முடியாது என்று கேட்டவுடனேயே எனக்குத் தோன்றியது. அப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரலைத்தான், அதாவது மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான, மின்சாரம் திரும்பிச் செல்லும் வயரைத்தான்.

மெயின் போர்டு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் சேர்த்த மூன்று தலைமுறைச் சாமான்கள் ஒரே சுவரில் இருந்தன. நடுவில் 100 ஆம்பியர் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச். அதன் பக்கத்தில் தேக்குப் பலகையில் வரிசையாக 24 பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள். அதற்கு மேலே 1990களில் முதல் மாடிக்காக வைத்த தகரப் பெட்டியில் எம்.சி.பி.க்கள், அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்சுகள். ஏ.சி. வந்த பிறகு ஒட்டவைத்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் ஓரத்தில் தொங்கின. போர்டுக்கு முன்னால் மெத்தைகளும் பழைய போர்வை மூட்டைகளும் அடுக்கியிருந்தன. மின்பலகைக்கு முன்னால் குறைந்தது ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன்பு அந்த மூட்டைகளை அப்புறப்படுத்தச் சொன்னேன். பொறி ஒன்று விழுந்தால் முதலில் பற்றுவது அவைதான். விடுதியில் இருப்பவர்கள் தப்பி இறங்க வேண்டியதும் அதே படியில்தான்.

பழைய போர்டைப் பகலில் அளந்து பார்த்து முடிவுக்கு வருவது இந்த ஊர் விடுதிகளுக்குப் பொருந்தாது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும் உடன் வருபவர்களும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இங்கே தங்குகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள் தங்கள் ஊர்ச் சோற்றையும் குழம்பையும் அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். நோயாளிக்குப் பழகிய உணவு வேண்டும்; அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர் இழுக்கும். இந்தக் கட்டடத்துக்கு வயரிங் செய்தவர் அறைக்கு ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு 5 ஆம்பியர் பிளக் என்று கணக்கிட்டிருப்பார். மாலை ஏழிலிருந்து எட்டரை வரை, ஏ.சி.யும் அடுப்பும் சேர்ந்து ஓடும் நேரத்தில், வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

சிவப்பு ஃபேஸில் 46 ஆம்பியர், மஞ்சளில் 31, நீலத்தில் 22 ஓடியது. நியூட்ரலில் 25 ஆம்பியர் காட்டியது. மூன்று ஃபேஸ்களின் ஏற்றத்தாழ்வை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் நியூட்ரலில் 21 ஆம்பியர்தான் வர வேண்டும். மிச்சம், எல்.இ.டி. விளக்கு, தொலைக்காட்சி, சார்ஜர், இன்வெர்ட்டர் போன்ற மின்னணுச் சாதனங்கள் உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டம், அதாவது வழக்கமான அலையைப் போல் மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட மின்னோட்டம். சாதாரண லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இந்த மூன்றாம் ஹார்மோனிக் கழித்துக்கொள்ளாமல் நியூட்ரலில் கூடிக்கொண்டே போகும். அதை அளப்பதற்கு, கோணலான அலையையும் சரியாகக் காட்டும் ட்ரூ ஆர்.எம்.எஸ். வகை மீட்டர்தான் வேண்டும்; விலை குறைந்த மீட்டர் அதைக் குறைத்துக் காட்டும். பழைய கட்டடங்களில் பெரும்பாலும், மூன்று முழுக் கம்பியும் நியூட்ரலுக்கு மெல்லிய ஒரு கம்பியும் உள்ள மூன்றரை கோர் கேபிள் இருக்கும். இங்கும் 25 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஆர்மர்டு கேபிள்தான். அதில் நியூட்ரல் 16 சதுர மில்லிமீட்டர். நியூட்ரலில் ஓடுவது எப்போதும் குறைவாகவே இருக்கும் என்று நம்பிய காலத்தின் கேபிள் அது. 25 ஆம்பியரை அந்தக் கேபிள் தாங்கும். தாங்காதது அதன் முனையில் இருந்த இணைப்பு.

வெப்பப் படக் கேமரா என்னிடம் இல்லை. அது இல்லாமலே இணைப்பின் நலத்தை அறிய ஒரு வழி உண்டு. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே இணைப்பின் இரு பக்கத்திலும் வைத்து, அங்கே எவ்வளவு வோல்டேஜ் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் விழும். மின்சாரம் ஓடும் பெட்டியில் கை நுழைக்கும் வேலை இது என்பதால், 1000 வோல்ட் கையுறை, முகக்கவசம், ரப்பர் விரிப்பு, பக்கத்தில் மெயினை இறக்கத் தயாராக நிற்கும் இன்னோர் ஆள் ஆகியவை இல்லாமல் இதை யாரும் செய்யக் கூடாது. உரிமம் இல்லாதவர்கள் செய்யவே கூடாது. சிவப்பு ஃபேஸ் இணைப்பில் 120 மில்லிவோல்ட் விழுந்தது; அதுவே அதிகம். நியூட்ரல் வயரைச் சேர்க்கும் நியூட்ரல் லிங்கில் முழுதாக ஒரு வோல்ட் விழுந்தது. ஒரு வோல்ட்டும் 25 ஆம்பியரும் சேர்ந்தால் 25 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் செருகி, தினமும் மாலையில் அந்தப் பெட்டிக்குள் விட்டுவைத்ததற்குச் சமம் அது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை அந்த இணைப்பு தளர்ந்து பிடித்தது. உதவிக்கு வந்த தம்பி ஃபேஸ் வோல்டேஜ்களை வாசித்தான்: சிவப்பு 209, மஞ்சள் 226, நீலம் 255. சில நொடிகளில் எல்லாம் 230ஐ ஒட்டித் திரும்பின. புகார் முழுவதற்கும் விடை அந்த மூன்று எண்களில் இருந்தது. நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸும் தன்பாட்டுக்கு 230 வோல்ட்டைப் பெறும். நியூட்ரல் விட்டுப்போனால், லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் சரியும். லோடு குறைந்த ஃபேஸில் ஏறும். முழுவதும் அறுந்தால் அது 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். நீல ஃபேஸ் பின்புற அறைகளுக்குப் போனதால் அங்கே தொலைக்காட்சிகள் கெட்டன. மறுநாள் வரை காத்திருக்கும் நிலையில் அது இல்லை. அன்றிரவே ஏ.சி.க்களையும் அடுப்புகளையும் நிறுத்தச் சொல்லி, பின்புற அறைகளின் தொலைக்காட்சிகளைக் கழற்றிவைக்கச் செய்து, லோடைப் பத்து ஆம்பியருக்குள் கொண்டுவந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மெயின் சுவிட்சை இறக்கினாலும் அதன் மேல்முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு முந்தைய கட்-அவுட்டும் (மின்வாரியத்தின் ஃப்யூஸ்) மீட்டரும் மின்வாரியத்தின் சீலுக்கு உட்பட்டவை. அவற்றில் நாம் கை வைக்கக் கூடாது. மறுநாள் காலை பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைன்மேன் வந்து கட்-அவுட்டைக் கழற்றிய பிறகே பெட்டியைத் திறந்தோம். அப்போதும் டெஸ்ட் லேம்பை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் எரிய வைத்துப் பார்த்து, பிறகு போர்டில் வைத்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்தோம். இந்த மூன்று படிகளில் ஒன்றையும் நான் விடுவதில்லை. அன்று அதற்குப் பலன் கிடைத்தது. மெயின் அணைந்திருந்தும் ஓர் ஃப்யூஸ் கட்டையில் லேம்ப் எரிந்தது. வரவேற்பறை இன்வெர்ட்டர், மின்தடை வந்துவிட்டது என்று தன் கடமையைச் செய்துகொண்டு, மாடிப்படி விளக்குச் சுற்றுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரை அணைத்து, அதன் பேட்டரி முனையைக் கழற்றி, ஜெனரேட்டர் மாற்றுச் சுவிட்சையும் நடுநிலையில் பூட்டிவிட்டுத் தொடர்ந்தோம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் போர்டு வேலையை வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே பலரிடம் உண்டு. அந்தத் தடை நமக்கான பாதுகாப்பு ஆகாது. எப்போது திரும்ப வரும் என்பது நம் கையில் இல்லை.

நியூட்ரல் லிங்கின் பித்தளை முனைக்குள் அலுமினியக் கம்பியை லக் (கம்பியின் நுனியில் மாட்டும் உலோக முனை) எதுவும் இல்லாமல் நேராகச் சொருகித் திருகியிருந்தார்கள். கம்பியின் முனை கருத்து, பாதி நசுங்கி, தொட்டால் வெண்பொடியாக உதிர்ந்தது. திருகைக் கையாலேயே அரைச் சுற்று சுற்ற முடிந்தது. பழைய கட்டடங்களில் திரும்பத் திரும்பக் காணும் காட்சி இது, காரணமும் ஒன்றுதான். அலுமினியம் சூடேறினால் தாமிரத்தைவிட அதிகமாக விரியும். விரிய இடமில்லாமல் திருகு அழுத்துவதால் உலோகம் நசுங்கி ஒதுங்கிக்கொள்ளும். ஆறிச் சுருங்கும்போது நூலளவு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் காற்றுப் பட்டு ஆக்சைடு படியும். அலுமினிய ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. தடை ஏறினால் சூடு ஏறும். சூடு ஏறினால் இடைவெளி பெரிதாகும். ஒவ்வொரு மாலையும் இந்தச் சுழற்சி ஒரு முறை நடந்திருக்கிறது. திருகை மட்டும் இறுக்கிவிட்டு வந்திருந்தால் இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே நிலை வந்திருக்கும். கேபிளில் கொஞ்சம் தளர்வு இருந்ததால் கெட்ட பகுதியை வெட்டி நல்ல உலோகம் வரும்வரை போனோம். ஆக்சைடைத் தடுக்கும் பசையைத் தடவி, அந்தப் பசைக்கு அடியிலேயே கம்பித் தூரிகையால் தேய்த்து, அலுமினியத்துக்கும் தாமிரத்துக்கும் இடையே போடும் பைமெட்டாலிக் லக்கை அறுகோண அச்சில் அழுத்திக் கிரிம்ப் செய்தோம். தேய்த்துவிட்டுப் பிறகு பசை தடவினால் அந்த இடைவேளையிலேயே படலம் படிந்துவிடும். இந்த வரிசையைத் தம்பிக்கு இரண்டு முறை செய்து காட்டினேன்.

அந்த மெயின் சுவிட்சை நான் வைத்துக்கொள்ளவில்லை. உள்ளே மின்சாரத்தை இணைக்கும் கத்தித் தகடுகளில் குழி விழுந்திருந்தது. ஒரு கத்தி மற்ற இரண்டைவிடத் தாமதமாகப் பிடித்தது. அதற்குப் பதில் 63 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃப்யூஸ் கொண்ட சுவிட்ச் ஃப்யூஸ் யூனிட் வைத்தோம். எம்.சி.சி.பி. (எம்.சி.பி.யின் பெரிய வகை) வைக்கலாமே என்று உரிமையாளரின் மகன் கேட்டார். வைக்கலாம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைகூட யாரும் இயக்கிப் பார்க்காத இடத்தில், நகரும் பாகங்கள் குறைந்த எச்.ஆர்.சி. ஃப்யூஸையே நான் அதிகம் நம்புகிறேன். ஷார்ட் சர்க்யூட்டில் வரும் பெரும் மின்னோட்டத்தை அது உச்சிக்குப் போகவிடாமலே அறுத்துவிடும்.

பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். பீங்கானில் தவறில்லை, ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அவற்றில் பல விரிசல் இல்லாமல் இருந்தன. ஆபத்து அவற்றில் கட்டியிருந்த கம்பியில் இருந்தது. 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர், 30 ஆம்பியருக்கு 0.85 மில்லிமீட்டர் ஈயம் பூசிய தாமிரக் கம்பி என்பது கணக்கு. இங்கே 15 ஆம்பியர் கட்டைகள் ஒன்பதில், ஏழு இழை கொண்ட 7/20 வயரிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை இழை கட்டியிருந்தது. அந்த இழை 0.91 மில்லிமீட்டர், உருகுவதற்கு ஏறத்தாழ 70 ஆம்பியர் வேண்டும். அதற்குப் பின்னால் அறைக்குப் போவது 1.5 சதுர மில்லிமீட்டர் அலுமினிய வயர். ஓவர்லோடு வந்தால் கட்டையில் உள்ள கம்பிக்கு முன்பே சுவருக்குள் இருக்கும் வயர் எரிந்துவிடும். இரவில் ஃப்யூஸ் போனபோது கையில் கிடைத்ததைக் கட்டி விளக்கை எரிய வைத்தவர்கள் செய்தது இது. நானும் இளவயதில் இதைச் செய்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று, நியூட்ரலிலும் ஃப்யூஸ் கட்டை வைத்திருந்தார்கள். மிகப் பழைய முறை அது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32ஆம் விதியே, நியூட்ரலில் தனி ஃப்யூஸோ தனிச் சுவிட்சோ இருக்கக் கூடாது என்றது. ஃபேஸோடு சேர்ந்து இயங்கும் சுவிட்ச் மட்டும் இருக்கலாம். நியூட்ரல் ஃப்யூஸ் போனால் அறையில் விளக்கு எரியாது. மின்சாரம் இல்லை என்று நம்பி ஹோல்டரைத் தொடுபவர் மீது ஃபேஸ் பாயும். அந்தக் கட்டைகள் அனைத்தையும் அன்றே எடுத்துவிட்டு நியூட்ரல் பாரில் நேராகச் சேர்த்தோம். சில கட்டைகளின் உள்ளே வெள்ளை அட்டை போன்ற பட்டை இருந்தது. பழைய கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் வைப்பது வழக்கம் என்பதால் அதைச் சுரண்டவோ ஊதவோ இல்லை. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகமூடி அணிந்து, இரட்டைப் பையில் கட்டி எடுத்தோம். காம்ப்ரஸர் காற்றால் பழைய பேனலைச் சுத்தம் செய்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

வேலையில் பெரும்பகுதி நேரத்தை விழுங்கியது சுற்றுகளை அடையாளம் காண்பது. எந்தக் கட்டை எந்த அறைக்குப் போகிறது என்பதற்குத் தேக்குப் பலகையில் பென்சிலால் எழுதிய எண்கள் மட்டும் இருந்தன. அவையும் அறை எண்களை மாற்றுவதற்கு முந்தையவை. இரண்டரை நாள், ஒருவர் கீழே கழற்ற, ஒருவர் மேலே அறை அறையாகப் பார்க்க, கைப்பேசியில் பேசிப் பேசி அட்டவணை எழுதினோம். நோயாளிகள் உறங்கும் நேரத்தைக் கேட்டறிந்து அந்த அறைகளைத் தவிர்த்தோம். ஓர் அறையில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை முதல் நாளே அட்டவணையில் சிவப்பு மையில் குறித்து, அந்த அறைக்குத் தனியாகத் தற்காலிக இணைப்பு கொடுத்த பிறகே அதன் சுற்றைத் தொட்டோம். விடுதிகளில் வேலை செய்யும் எவரும் போர்டைத் திறப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அறையிலாவது மருத்துவக் கருவி ஓடுகிறதா என்பதுதான்.

இந்தத் தேடலில்தான் முதல் மாடித் தகரப் பெட்டியின் கோளாறும் தெரியவந்தது. ஓர் எம்.சி.பி.யின் நெம்புகோல் கீழே இறங்கியிருந்தும் அறையில் விளக்கு எரிந்தது. எப்போதோ நடந்த ஷார்ட்டில் உள்ளே தொடுமுனைகள் ஒட்டிப்போயிருந்தன. வேறொன்று மேலே ஏற்றினால் நிற்கவே இல்லை. ஆண்டுக்கணக்கில் அசையாத எம்.சி.பி.யை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது லோடு குறைந்த நேரத்தில் இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும், மின்கசிவு ஏற்பட்டால் விழும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானையும் அப்போது அழுத்த வேண்டும். இறக்கிய பிறகு வெளிமுனையில் மின்சாரம் நின்றதா என்று மீட்டரால் பார்க்காமல் நெம்புகோலை மட்டும் நம்பக் கூடாது. அந்தப் பெட்டியின் 14 எம்.சி.பி.க்களில் ஐந்தை மாற்றினோம். அதே மாதிரி இப்போது கிடைப்பதில்லை. வேறு நிறுவனத்தின் எம்.சி.பி.யைப் பழைய பஸ்பார் சீப்பில் (வரிசை முழுவதற்கும் மின்சாரம் தரும் பல் வைத்த தகடு) திணித்தால் பல் முழுதாக உட்காராது; வெளியிலிருந்து பார்க்க இறுகியது போலவே தெரியும். எனவே அந்த வரிசையின் சீப்பையும் சேர்த்தே மாற்றினோம். பெட்டியில் திறந்து கிடந்த துளைகளின் வழியே பல்லி புகுந்து, இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடந்தது. எல்லாத் துளைகளுக்கும், வயரைச் சுற்றி அடைக்கும் கிளாண்டோ மூடியோ போட்டோம்.

பிறகு, வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று பார்க்கும் மெகர் சோதனை. தொலைக்காட்சி, எல்.இ.டி., ரெகுலேட்டர் அனைத்தையும் கழற்றிய பிறகு 500 வோல்ட்டில் ஒரு நிமிடம். குறைந்தது ஒரு மெகாஓம் இருக்க வேண்டும். பெரும்பாலான சுற்றுகள் தேறின. இரண்டாம் மாடியில், மரப்பட்டியில் ஓடிய ரப்பர் உறை வயர்ச் சுற்றுகள் ஐந்தும் தேறவில்லை, 0.3 மெகாஓமுக்கு மேல் எதுவும் இல்லை. விரலால் வளைத்தால் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவற்றுக்குப் புது எம்.சி.பி. வைத்துப் பயனில்லை, வயரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஐந்துக்கும் பி.வி.சி. குழாயில் புதிய தாமிர வயர் போட்டோம்.

மற்ற அறைகளில் அலுமினிய வயர் நல்ல நிலையில் இருந்ததால் அதை விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் விட்டுவைத்து, 6 ஆம்பியர் எம்.சி.பி. கொடுத்தேன். அடுப்புக்காக ஒவ்வொரு தளத்திலும் பொதுச் சமையலிடம் ஒன்றை ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டு, அங்கே ஒவ்வோர் அடுப்புக்கும் 4 சதுர மில்லிமீட்டர் தாமிரத்தில் தனிச் சுற்றும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் வைத்தோம். முதல் மூன்று நாள், பழக்கத்தில் அறையிலேயே அடுப்பை வைத்தவர்களின் எம்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. உரிமையாளர் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ராத்திரியில விழுந்துகினே இருந்தா ரூம்ல இருக்கறவங்க கீழ வந்து சண்ட போடறாங்க. முப்பத்திரண்டு ஒண்ணு போட்டு உட்டுடேன்" என்றார். "ஐயா, முப்பத்திரண்டு போட்டா அது விழாது. செவுத்துக்குள்ள இருக்கற வயருதான் எரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க மேல தூங்கறாங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சமையலிடத்தில் மேடை கட்டக் கொத்தனாரை அனுப்புவதாகச் சொன்னார். பெரிய எம்.சி.பி. போடச் சொல்லும் எல்லோரும் அவரைப் போல் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சூட்டையும் கணக்கில் எடுத்தேன். எம்.சி.பி.யின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் 30 டிகிரி செல்சியஸுக்கு உரியது. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும்; மாடிப்படிக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் 51 டிகிரி அளந்தேன். அந்தச் சூட்டில் எம்.சி.பி. தன் எண்ணுக்கு முன்பாகவே விழும். ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையாக வைத்தால் இன்னும் முன்பாக விழும். தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து, நீண்ட நேரம் ஓடும் ஏ.சி. சுற்றுகளுக்கு நடுவே ஓர் இடம் காலியாக விட்டோம். புதிய பேனலைப் படிக்கு அடியில் வைக்காமல் காற்றோட்டமுள்ள பக்கச் சுவருக்கு மாற்றினோம்.

ஒவ்வொரு தளத்துக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தோம். இரண்டாம் மாடியில் அது இரவில் விளக்குப் போட்டவுடன் விழுந்தது; பகலில் விழவில்லை. மெகரில் எல்லாச் சுற்றும் தேறியிருந்தும் ஒரு முழு மாலை இதில் போயிற்று. கடைசியில் காரணம் மாடிப்படி விளக்கில் இருந்தது. கீழிருந்தும் மேலிருந்தும் போடும் டூவே சுவிட்சுக்கு, ஃபேஸை முதல் மாடியிலிருந்தும் நியூட்ரலை இரண்டாம் மாடியிலிருந்தும் எடுத்திருந்தார்கள். வயர் மிச்சப்படுத்த அந்நாளில் வழக்கமாகச் செய்தது அது. போன மின்னோட்டம் ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகவும் திரும்பியது இன்னொன்றின் வழியாகவும் வந்தால், கசிவு என்றுதான் அது எண்ணும். பழைய கட்டடத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் அதைக் கழற்றி எறிவதற்கு முன் டூவே விளக்குகளைப் பாருங்கள் என்பது எனக்குப் பின் வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல விரும்புவது. படிவிளக்குக்கு இரண்டு வயரும் ஒரே சுற்றிலிருந்து புதிதாக இழுத்த பிறகு அது விழவில்லை.

எர்த் பிட் (மின்சாரத்தை நிலத்தோடு இணைக்கும் குழி) கட்டடத்தின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே வரும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி துருவேறி, ஒரே ஓர் இழையில் நின்றது. அதைச் சரிசெய்து அளந்தபோது 14 ஓம். 230 வோல்ட்டை 14 ஓமால் வகுத்தால் 16.4 ஆம்பியர். அதாவது, ஏ.சி.யின் உலோக உறையில் ஃபேஸ் ஒட்டினாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, அந்த உறை முழுவதும் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். ஆர்.சி.சி.பி. இந்த இடத்தில்தான் உயிர் காக்கும். 14 ஓமிலும் அது விழுந்துவிடும். அதற்காக எர்த்தை அப்படியே விட மனம் வரவில்லை. பாறை கலந்த மண் என்பதால் ஒரே குழியை ஆழமாக்குவதைவிட, மூன்று மீட்டர் நீள ஜி.ஐ. பைப் போட்ட இன்னொரு குழியைத் தள்ளித் தோண்டி, இரண்டையும் பட்டையால் இணைப்பது எளிதாக இருந்தது. இணைத்த பிறகு 4.2 ஓம். கோடையில், தண்ணீர் ஊற்றாமல், காய்ந்த மண்ணில் அளந்த எண் அது. அப்படி அளப்பதே சரி.

பதினொன்றாம் நாள் இரவு மறுபடியும் அதே ஏழரை மணிக்கு அளந்தோம். ஏ.சி. அறைகளை ஃபேஸ்களுக்குப் பிரித்துக் கொடுத்ததால் சிவப்பு 35, மஞ்சள் 33, நீலம் 32. நியூட்ரலில் இன்னும் 14 ஆம்பியர் ஓடியது. ஏற்றத்தாழ்வு மட்டும் என்றால் மூன்று ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், மிச்சமெல்லாம் ஹார்மோனிக். லோடைச் சமன் செய்வதால் அது போகாது. அதனால்தான் புதிய பேனலுக்குள் நியூட்ரலை ஃபேஸின் அதே அளவில் போட்டேன். நியூட்ரல் இணைப்பில் விழுந்த வோல்டேஜ் 4 மில்லிவோல்ட். மூன்று ஃபேஸ்களும் 228க்கும் 232க்கும் இடையில் நின்றன.

அட்டவணையைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையிட்டு, பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அளந்த எண்கள் அனைத்தையும் தேதியோடு அதன் கீழே எழுதியிருக்கிறேன். அனுமதிக்கப்பட்ட மின்பளு 15 கிலோவாட்தான். மாலை உச்சத்தில் ஓடுவது ஏறத்தாழ 23 கிலோவோல்ட் ஆம்பியர். கூடுதல் மின்பளுவுக்கான விண்ணப்பத்தைப் பெரியவர் கொடுத்திருக்கிறார். அது கிடைத்ததும் மூன்றரை கோர் சர்வீஸ் கேபிளை முழு நியூட்ரல் உள்ள நான்கு கோர் கேபிளாக மாற்ற வேண்டும். மொட்டை மாடியின் நான்கு அறைகளில் அலுமினிய வயர் இணைப்புகள் இன்னும் பாக்கி. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு அவற்றைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.